யானையா, பன்றியா? - ராஜா தலை ரூபாயின் கதை

"பூவா, தலையா?" என்று காசைச் சுண்டிப் பார்க்காத பிள்ளைகள் நம் ஊரில் உண்டா? 1911-ம் ஆண்டு வெள்ளி ரூபாயில் இரண்டுமே உண்டு. ஒருபுறம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை, மறுபுறம் பூங்கொடி. அந்தத் தலை பட்ட பாடு சுவையானது.

மன்னர் முகத்தைக் காசில் பொறிப்பது மொகலாயர் காலத்திலேயே உண்டு. ஜஹாங்கீர் 1611 வாக்கில் தம் உருவம் பொறித்த பொன் மொஹர்களை அடித்து, தமக்கு வேண்டிய பிரபுக்களுக்கு வழங்கினார். அதைப் பெறுவது பெரிய கௌரவம். வெள்ளையர் ஆட்சியிலோ மன்னர் முகம் கூலியாளின் மடியிலும் வந்து அமர்ந்தது.

ஐந்தாம் ஜார்ஜின் உருவத்தை வடித்தவர் ஆஸ்திரேலியச் சிற்பி பெர்ட்ராம் மக்கென்னல். நாணய வேலையில் முதலில் உருவத்தைப் பெரிதாகச் செய்வார்கள். இயந்திரம் அதைச் சிறிதாக்கி எஃகில் செதுக்கும். பிறகு வேலைக்காரர் நுண்ணிய உளியால் திருத்துவார். ரூபாயின் அகலம் சுமார் 30 மில்லிமீட்டர்தான். அதற்குள் கிரீடம், தாடி, அங்கி, விருதுச் சங்கிலி எல்லாம் அடங்க வேண்டும்.

வினை அந்தச் சங்கிலியில்தான் வந்தது. அதில் இருந்த சிறு யானையின் துதிக்கை குட்டையாகிவிட்டது. பார்த்தவர் கண்ணுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. பன்றியை விலக்கியவர்களான முஸ்லிம்களிடையே ஆட்சேபம் கிளம்பியது. அடித்த சுமார் 94 லட்சம் ரூபாய்களில் வெளிவந்தவை 7 லட்சம் அளவே. சர்க்கார் மீதியை நிறுத்தி உருக்கிவிட்டது. 1912 ரூபாயில் யானைக்குத் துதிக்கை நீண்டது, காதும் தெளிவாயிற்று.

அதே 1911 டிசம்பர் 12-ல்தான் தில்லி தர்பாரில் ராஜாக்களும் நவாபுகளும் மன்னரை வணங்கி நின்றனர். தலைநகர் தில்லிக்கு மாறும் என்ற அறிவிப்பும் அன்றுதான் வந்தது. அத்தகைய சக்ரவர்த்தியின் காசையே சாமானியர்களின் முணுமுணுப்பு உலைக்குத் திருப்பி அனுப்பியது!

1950 ஆகஸ்ட் 15 முதல் புதிய காசுகளில் மன்னர் தலைக்குப் பதில் அசோகச் சிங்கங்கள் வந்தன. தர்பார் நடந்த இடத்தில், கரோனேஷன் பார்க்கில், ஐந்தாம் ஜார்ஜின் சிலை இன்றும் நிற்கிறது.

விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் பாட்டியின் பெட்டியில் 1911 ரூபாய் இருந்தால் அங்கியை உற்றுப் பாருங்கள். ஆனால் கடைத்தெருவில் வாங்குவோர் ஜாக்கிரதை, போலிகளும் நடமாடுகின்றன.