சும்மா நிக்கிற சர்வருக்கும் கரண்ட் பில் ஓடும்!

உங்க ஆபீஸ்ல பத்து சர்வர் இருக்குன்னு வைங்க. ஒவ்வொண்ணும் தன் திறன்ல 10 சதவீதம்தான் வேலை செய்யுது. ஆனா வெயிட்டிங்ல நிக்கிற ஆட்டோ மாதிரி மீட்டர் ஓடிட்டே இருக்கும். ஒண்ணுக்கு 200 வாட்னா, பத்துக்கும் வருஷத்துக்கு 17,520 யூனிட். யூனிட் 8 ரூபாய்னா 1,40,160 ரூபாய். ஏசி செலவு தனி.

ஒரே சர்வரை சாஃப்ட்வேரால பல சர்வரா பிரிக்கிறதுதான் விர்ச்சுவலைசேஷன். மொத்த வேலையும் 350 வாட் சர்வர் ரெண்டுல அடங்கினா பில் 49,056 ரூபாய்தான். மிச்சம் 91,104! பழைய பெட்டிகளை ஆஃப் பண்ணினாத்தான் இது நிஜம்.

லைசென்ஸையும் பாருங்க. 2023-ல் விஎம்வேரை பிராட்காம் வாங்கின பிறகு, ஒருமுறை வாங்குற லைசென்ஸ் போய் சந்தா வந்துடுச்சு. அது மிச்சத்தையே முழுங்கிடலாம். இலவசமான கேவிஎம் சரிப்படுமான்னு ஐடி டீம்கிட்ட கேளுங்க.