டாக்குரியா மேம்பாலத்தில் ஒரு சைக்கிள்: படத்தையும் பயணக் குறிப்பையும் இணைத்தல்

தென் கொல்கத்தாவில், கோல்பார்க்கிலிருந்து ஜாதவ்பூர் நோக்கிச் செல்லும் சாலை, சியால்டா தெற்கு ரயில் பாதையை டாக்குரியா மேம்பாலத்தின் வழியாகக் கடக்கிறது. பெரும்பாலும் சமதளமான அந்நகரில், சைக்கிளில் செல்பவர் சற்றே மூச்சு வாங்க மிதிக்க வேண்டிய இடங்களுள் இதுவும் ஒன்று. ஏற்றத்தில் சைக்கிளின் வேகம் குறைகிறது. பின்னால் வரும் பேருந்து ஓட்டுநருக்கோ பொறுமை குறைகிறது. சைக்கிள்களால் போக்குவரத்து தடைப்படுகிறது என்ற வாதம் கொல்கத்தாவில் பழையது. 2013-ஆம் ஆண்டில் 174 சாலைகளில் சைக்கிள்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. 2020-இல், பெருந்தொற்றுக் காலத்தில், தடை தளர்த்தப்பட்டது. இத்தகைய வாதங்களில் இரு தரப்பாருக்கும் வேண்டுவது சான்றேயாகும்.

கைப்பிடியில் பொருத்திய சிறு காமிரா நிகழ்ந்ததைக் காட்டும். ஆனால் எவ்வளவு வேகத்தில் என்பதைச் சொல்லாது. செயற்கைக் கோள்களின் துணையால் இடமறியும் ஜி.பி.எஸ். கருவி வேகத்தைச் சொல்லும். அருகில் வந்தது பேருந்தா, தள்ளுவண்டியா என்பதை அறியாது. இவ்விரண்டையும் படத்தொகுப்பு மென்பொருள் கொண்டு இணைத்து, ஓடும் படத்தின் மீதே வேகமும் இடமும் தோன்றச் செய்யலாம். ரேஸ்ரெண்டர், விர்ப் எடிட் போன்றவை இதற்கென்றே எழுதப்பட்டவை. மென்பொருளை இயக்குவது எளிது. நேரத்தைப் பொருத்துவதில்தான் தவறு நேர்கிறது.

ஜி.பி.எஸ். கருவி பொதுவாக வினாடிக்கு ஒரு குறிப்பு எடுக்கிறது. காமிராவோ வினாடிக்கு 25 அல்லது 30 பிரேம்கள் எடுக்கிறது. (பிரேம் என்பதைச் 'சட்டம்' என்று மொழிபெயர்த்தால் வாசகருக்குச் சட்டமன்றம் நினைவுக்கு வருகிறது, ஆகவே அச்சொல்லை அப்படியே விட்டிருக்கிறோம்.) இரு குறிப்புகளுக்கு இடைப்பட்ட பிரேம்களுக்கு, வேகம் சீராக மாறியதெனக் கொண்டு மென்பொருள் கணக்கிட்டு நிரப்புகிறது. மணிக்கு 18 கி.மீ. வேகம் என்பது வினாடிக்கு 5 மீட்டர். எனவே நேரம் நான்கு வினாடி பிசகினால், பாலத்தின் ஏற்றத்தில் எடுத்த படத்தின் மீது 20 மீட்டர் தள்ளிய இடத்தின் வேகம் எழுதப்பட்டுவிடும். பார்ப்பவருக்கு ஐயமே எழாது. எண் பொய் சொல்லாது என்று நாம் நம்பிப் பழகியிருக்கிறோம்.

பிசகு பல வழிகளில் புகுகிறது. பயணக் குறிப்பு உலகப் பொது நேரத்தில் பதிவாகிறது. காமிராவின் கடிகாரமோ பெரும்பாலும் கையால் திருத்தப்பட்டது. இந்திய நேரத்தைக் காட்டுவது. ஐந்தரை மணி வேறுபாடு உடனே கண்ணில் படும், திருத்திவிடலாம். சில வினாடி வேறுபாடுதான் ஒளிந்துகொள்கிறது. இதற்குச் சினிமாக்காரர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட வழியே சிறந்தது. டாக்குரியாவுக்கு அண்மையிலுள்ள டாலிகஞ்சு ஸ்டுடியோக்களில் படத்தையும் ஒலியையும் பொருத்துவதற்குக் கிளாப் பலகையைத் தட்டினார்கள் அல்லவா? சைக்கிளில் செல்பவர் அசையாமல் அரை நிமிடம் நின்று, பிறகு சட்டென்று புறப்பட வேண்டும். சக்கரம் உருளத் தொடங்கும் பிரேமையும், வேகம் சுழியிலிருந்து உயரும் குறிப்பையும் ஒன்றாக்கினால் போதும். பயணத்தின் முடிவிலும் இவ்வாறே நின்று சரிபார்த்தல் அவசியம்.

முடிவில் ஏன் என்று கேட்கலாம். வினாடிக்கு 30 பிரேம் எனப்படும் காமிராக்கள் பலவும் உண்மையில் 29.97 பிரேம்களே எடுக்கின்றன. ஒரு மணி நேரத்தில் இவ்வேறுபாடு 108 பிரேம்கள், அதாவது ஏறக்குறைய 3.6 வினாடியாகிறது. மென்பொருளில் 30 என்று குறித்துவிட்டால், தொடக்கத்தில் மிகச் சரியாகப் பொருந்திய படம், முடிவில் 18 மீட்டர் விலகி நிற்கும். இரு முனைகளிலும் சோதித்தவருக்கே இது புலப்படும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். சில கருவிகள் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளக்காமல், பூமியைத் துருவங்களில் தட்டையான ஒழுங்கான உருண்டையாகக் கருதி, அக்கற்பனைப் பரப்பிலிருந்து அளக்கின்றன. உண்மைக் கடல் மட்டம் அதனோடு ஒத்திருப்பதில்லை. இலங்கைக்குத் தெற்கே அது ஏறக்குறைய 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. கொல்கத்தாவிலும் 50 மீட்டருக்கு மேல் தாழ்வு. ஆகவே கடல் மட்டத்திற்குச் சுமார் 9 மீட்டர் உயரத்திலுள்ள நகரில் சைக்கிள் ஓட்டுபவர், திரையில் கடலுக்கடியில் 40 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் மிதித்துச் செல்வார்! மாணவர்களுக்குக் காட்டிப் பூமியின் வடிவத்தை விளக்க நல்ல வாய்ப்பு. பாலத்தின் ஏற்றத்தைக் கணக்கிடுவோருக்கு உயர வேறுபாடே முக்கியமாதலால் இப்பிழை பெரிதாகப் பாதிக்காது. ஆயினும் செயற்கைக் கோள் வழி உயரம் இயல்பாகவே கிடைமட்ட இடத்தைவிடத் துல்லியம் குறைந்தது. காற்றழுத்தமானி உள்ள கருவி மேலானது.

சான்றாகப் பயன்படுத்துவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். எண்கள் துள்ளாதிருக்கும்பொருட்டு மென்பொருள்கள் அடுத்தடுத்த குறிப்புகளைச் சராசரியாக்கித் தருவதுண்டு. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் வந்தவர் பேருந்து குறுக்கிட்டதால் பிரேக் பிடித்து ஒரே வினாடியில் நின்றுவிட்டார் என்று கொள்வோம். முந்தைய ஐந்து குறிப்புகளின் சராசரியைக் காட்டும் திரையில், அவர் நின்ற பிறகும் 14.4 கி.மீ. என்று தோன்றும். நின்றவரே ஓடிவந்து மோதியவர் ஆகிவிடுவார். ஆதலின் அழகுக்காகச் செய்த படம் வேறு, சான்றுக்கான படம் வேறு. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுகளுக்குச் சான்றிதழ் கோருகிறது. கோப்பின் ஹாஷ் மதிப்பையும் அதில் குறிக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினும் அம்மதிப்பு மாறிவிடும். எனவே காமிராக் கோப்பையும் ஜி.பி.எஸ். கோப்பையும், தொகுப்பு வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, திருத்தம் ஏதுமின்றித் தனியே பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.