பிறந்த குழந்தையின் கண்ணைக் காக்கும் வழி

பிறந்து 28 நாள்களுக்குள் குழந்தையின் இமைகள் வீங்கி, வெண்விழி சிவந்து, சீழ் வடியுமாயின், மருத்துவர்கள் அதனைப் பச்சிளங்குழந்தைக் கண்ணழற்சி என்பர். தாயின் பிறப்புறுப்பில் தங்கியுள்ள கிருமிகள், பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணில் படிவதே இதன் முதன்மையான காரணமாகும். அவற்றுள் மிகக் கொடியது வெட்டை நோயை உண்டாக்கும் கொனோகாக்கஸ் என்னும் பாக்டீரியா. பெரும்பாலும் 2 முதல் 5 நாள்களுக்குள் வெளிப்படும் இத்தொற்று, ஒளியை உள்ளே விடும் தெளிந்த படலமாகிய கருவிழிப்படலத்தைத் துளைத்துப் பார்வையையே அழித்துவிடக் கூடியது. கிளமிடியா என்னும் மற்றொரு பாக்டீரியாவின் தொற்று சில நாள்கள் பிந்தித் தோன்றுவதுடன், நுரையீரலுக்கும் பரவலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் குழந்தைகள் பார்வை இழப்பதற்கு இந்நோய் ஒரு பெருங்காரணமாக இருந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மகப்பேறு மருத்துவராக விளங்கிய கார்ல் க்ரேடே, 1880ஆம் ஆண்டில், பிறந்தவுடனே குழந்தைகளின் கண்களைத் துடைத்து, 2 விழுக்காட்டு வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஒவ்வொரு சொட்டு விடும் வழக்கத்தைத் தொடங்கினார்; அதுவரை நூற்றுக்குப் பத்து அளவில் இருந்த தொற்று, அதன்பின் ஒன்றுக்கும் கீழாகக் குறைந்தது. இத்துணை எளிய செயலால் இத்துணைப் பெரும் பயன் விளைந்தது மருத்துவ வரலாற்றில் அரிது. அக்கரைசல் கண்ணை உறுத்தியமையால், பிற்காலத்தில் பல நாடுகள் எரித்ரோமைசின், டெட்ராசைக்ளின் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லிகளின் களிம்புகளுக்கு மாறின.

எனினும் களிம்பு கடைசி அரணேயன்றி முதல் அரண் அன்று. கிளமிடியாவை அது உறுதியாகத் தடுப்பதுமில்லை. கருவுற்ற காலத்திலேயே பரிசோதித்துத் தாய்க்கு மருத்துவம் செய்தால், கிருமி குழந்தையை எட்டுமுன்பே ஒழிகிறது. இத்தொற்றுகள் பெண்களிடம் பெரும்பாலும் அறிகுறி ஏதுமின்றி மறைந்திருப்பதால், பரிசோதனைக்கு உட்படுவதில் வெட்கத்துக்கோ பழிச்சொல்லுக்கோ இடமில்லை. கணவரும் உடன் மருத்துவம் பெறாவிடில் தொற்று மீண்டும் தாயைப் பற்றும்.

கண்ணீர்க்குழாய் அடைப்பாலும் குழந்தையின் கண்ணில் நீர் வடியலாம். ஆயினும் அதனையும் தொற்றையும் பிரித்தறிவது மருத்துவரின் பணி. வெட்டைக் கிருமியின் தொற்றுக்கு ஊசிமருந்தும், கிளமிடியாவுக்கு வாய்வழி மருந்தும் தேவைப்படுவதால், சொட்டு மருந்தை மட்டும் நம்புதல் தகாது. ஆகவே கண்ணில் தாய்ப்பால் விடுவதையும் மை தீட்டுவதையும் தவிர்த்து, சீழோ வீக்கமோ கண்ட அன்றே குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.