ஓயாமல் ஒலிக்கும் அழைப்புமணி

வாசலில் யாரும் நில்லாதபோதே உங்கள் வீட்டு அழைப்புமணி இரவும் பகலும் ஒலித்துக்கொண்டிருந்தால் எப்படியிருக்கும்? சிலருடைய நுரையீரற் புற்றுநோய்ச் செல்களில் ஏறத்தாழ இதுதான் நிகழ்கிறது.

உடற்செல் தன் விருப்பம்போல் பிளவுபடுவதில்லை. வெளியிலிருந்து ஆணை வரவேண்டும். ஆணையைக் கொண்டுவரும் புரதங்களே வளர்ச்சிக் காரணிகள். அமெரிக்க அறிஞர் ஸ்டான்லி கோகென், பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்கு உமிழ்நீர்ச் சுரப்பியின் சாற்றை ஊசிமூலம் செலுத்தினார். குட்டிகள் உரிய நாளுக்கு வெகு முன்பே கண் திறந்தன! இதைத் துருவி ஆராய்ந்துதான் புறத்தோல் வளர்ச்சிக் காரணியை அவர் பிரித்தெடுத்தார். 1986-இல் ரீட்டா லெவி மொண்டால்சினியுடன் நோபெல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்.

இக்காரணி செல்லுக்குள் நுழைய வேண்டியதில்லை. செல்லின் உறையை ஊடுருவி நிற்கும் ஏற்பி என்னும் புரதம் வெளிமுனையால் அதைப் பற்றுகிறது. உடனே ஏற்பிகள் இரண்டிரண்டாக இணைகின்றன. உள்முனையிலுள்ள நொதி விழித்துக்கொண்டு, ஏ.டி.பி. மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துப் புரதங்களில் ஒட்டுகிறது. செய்தி கைமாறிக் கைமாறி உட்கருவை எட்டுகிறது. வேலை முடிந்ததும் ஏற்பியைச் செல் உள்ளிழுத்துக்கொள்ளும், மணி ஓய்ந்துவிடும்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி இந்த ஏற்பி. அதில் 858-ஆம் இடத்திலுள்ள லூசின் போய் ஆர்ஜினின் வந்தால் போதும், காரணி வராமலே நொதி விழித்திருக்கும். செல் ஓயாமல் பெருகுவதோடு, பழுதுற்ற செல் மடியவேண்டும் என்ற நியதியையும் மீறுகிறது. ஆனால் நாளடைவில் அந்த ஓசையில்லாமல் அதனால் வாழவும் முடிவதில்லை!

இங்கேதான் மருத்துவத்திற்கு வழி பிறந்தது. ஜெபிட்டினிப் என்ற மருந்து, ஏ.டி.பி. அமரும் குழியில் தான் அமர்ந்து நொதியை முடக்குகிறது. தொடக்கச் சோதனைகளில் பெரும்பாலோருக்கு இது பயன்படவில்லை. அமெரிக்காவில் பத்தில் ஒருவருக்கு மட்டும் கட்டி விரைந்து சுருங்கியது. ஏன் என்ற புதிர் 2004-இல் பாஸ்டன் நகரில் விடுபட்டது. குணமடைந்தோரின் கட்டிகளில் மாறிய ஏற்பி இருந்தது. அவர்களில் பலர் புகைபிடிக்காதவர்கள். (புகைபிடிப்போர் இதைக் கண்டு மகிழவேண்டாம். அவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை வேறு மாற்றங்களால் விளைபவை. இம்மருந்து அவற்றிடம் செல்லாது.)

வெற்றி நீடித்ததா? ஏறத்தாழ ஓராண்டில் பலருக்குக் கட்டி மீண்டும் தலைதூக்கியது. அவர்களில் சுமார் பாதிப்பேரிடம் 790-ஆம் இடத்தில் திரியோனின் மறைந்து மெத்தியோனின் வந்திருந்தது. மருந்தைக் கண்டு செல் தந்திரம் செய்ததாக எண்ணிவிடாதீர்கள். கோடிக்கணக்கான செல்களில் தற்செயலாக இப்படி மாறியவை பிழைத்தன, மற்றவை மடிந்தன. இவற்றையும் அடக்க ஒசிமெர்ட்டினிப் 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது 797-ஆம் இடத்திலுள்ள சிஸ்டீனை இறுகப் பிணைத்துக்கொள்கிறது. இப்போது அந்தச் சிஸ்டீனுக்குப் பதில் செரீன் உள்ள செல்களும் நோயாளிகளிடம் காணப்படுகின்றன.