பழைய பேட்டரி போகும் இடம்

மின்சார வாகனம் என்றதும் நம் மனக்கண்முன் வருவது புகையில்லாத சாலையும் பளபளக்கும் காரும்தான். வங்காளதேசத்தில் நிலைமை வேறு. அங்கே இலட்சக்கணக்கில் ஓடுபவை மூன்று சக்கர மின் ரிக்‌ஷாக்கள். எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்கு அவையே சோறு போடுகின்றன. பெரும்பாலான வண்டிகளில் இருப்பது லித்தியம் அல்ல, பழைய வகைக் காரீய அமில பேட்டரி. வண்டிக்கு நான்கு அல்லது ஐந்து. நாள் முழுவதும் ஓட்டி, இரவில் மின்னேற்றி, மறுநாளும் ஓட்டுவதால் பல பேட்டரிகள் ஓராண்டிலேயே செத்துப்போகின்றன.

பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயம். அதற்கு நல்ல விலை உண்டு. ஆகவே அது குப்பைமேட்டுக்குப் போவதில்லை; பழைய சாமான் வியாபாரி வழியாக ஊர்ப்புறத்து உலைக்குப் போகிறது. அங்கே கோடரியால் உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, தகடுகளைக் குழியிலிட்டு, கரி மூட்டி உருக்குகிறார்கள். புகையும் தூசியும் வயலிலும் முற்றத்திலும் படிகின்றன. தவழும் குழந்தை அந்த மண்ணைத் தொட்ட விரலை வாயில் வைக்கிறது. விழுங்கிய காரீயத்தை, பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் உறிஞ்சுகிறது. மூளைக்கு நேரும் கேட்டை மருந்தால் மாற்ற முடிவதில்லை.

இது வெறும் அச்சமல்ல. செனகல் நாட்டுத் தலைநகர் டாக்கருக்கு அருகே, தியரோய் என்னும் ஊரில், 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தனர். அங்கே உடைக்கப்பட்டவை சாதாரண வாகன பேட்டரிகள்தாம். காரீயத்தின் விலை ஏறியதும், மக்கள் அந்த மண்ணையே தோண்டி, வீட்டில் வைத்துச் சலித்து விற்றார்கள். வறுமை அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

தடைச்சட்டம் மட்டும் போதாது என்றே நமக்குப் படுகிறது. ஓர் உலையை மூடினால் இன்னோர் ஊரில் புகை எழும்பும். புகையை வடிகட்டவும் அமிலத்தைச் சுத்திகரிக்கவும் செலவு செய்யும் ஆலையால், எதுவுமே செய்யாத குழி உலைக்காரர் தரும் விலையைத் தர முடிவதில்லை. சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. இந்தியாவில் 2022-இல் வந்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீதும் இறக்குமதியாளர்மீதும் சுமத்துகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அன்றாடம் உழைத்துப் பிழைக்கும் ரிக்‌ஷா ஓட்டுநர், அதிக விலை தருபவரிடமே பழைய பேட்டரியைக் கொடுப்பார். அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. புதியது வாங்கும்போது, குழி உலைக்காரர் தருவதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கடையிலேயே கழித்துக் கொடுத்தால், அவர் கடைக்கே வருவார்.