காதைத் துளைக்கும் சத்தமும் கவனிக்க வேண்டிய சத்தமும்

வீட்டு மின்னணு – தொடர் 14

சென்ற இதழில் லேப்டாப் ஏன் சூடாகிறது என்று பார்த்தோம். இந்த வாரம் சத்தம்.

லேப்டாப்பும் சார்ஜரும் எழுப்பும் சத்தங்களில் மக்களை அதிகம் கலங்கவைப்பது, ராத்திரி வீடு அடங்கிய பிறகு மெல்லியதாக, விடாமல் கேட்கும் அந்த 'கீ...' தான். அதற்காக நல்ல சார்ஜரைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. மதர்போர்டையே மாற்றிப் பல ஆயிரம் செலவழித்தவர்களும் உண்டு. அதே வீட்டில் சார்ஜர் செருகிய பிளக் பாயின்ட் லேசாகப் பொரிகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. முதல் சத்தம் பெரும்பாலும் தீங்கற்றது. இரண்டாவதுதான் வீட்டைக் கொளுத்தக்கூடியது. பயம் இடம் மாறிக் கிடக்கிறது என்பதுதான் என் கவலை.

எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவது என்று முடிவு செய்ய ஒரு கேள்வி உதவும். சத்தம் எப்போது வருகிறது, எதைச் செய்தால் நிற்கிறது? எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சார்ஜருக்குள் என்ன நடக்கிறது?

சுவரிலிருந்து வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஏசி மின்சாரம். சார்ஜர் அதை முதலில் டிசியாக மாற்றுகிறது. உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் அது ஏறக்குறைய 325 வோல்ட்டாகத் தேங்கி நிற்கும். ஒரு டிரான்சிஸ்டர் அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, தீப்பெட்டியைவிடச் சிறிய ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுக்குள் அனுப்புகிறது. நொடிக்கு 65,000 முறை என்பது இந்த வகைச் சார்ஜர்களில் பரவலான வேகம். மறுபக்கம் லேப்டாப்புக்கு வேண்டிய 19, 19.5 அல்லது 20 வோல்ட் கிடைக்கிறது.

இதில் சத்தம் எங்கிருந்து வருகிறது? காந்தமாக்கும்போது இரும்பின் நீளம் மிக மிக நுண்ணிய அளவில் மாறுகிறது என்பதை இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல் 1842-ல் கண்டறிந்தார். ஃபெரைட்டுக்கும் அந்தக் குணம் உண்டு. பழைய டியூப் லைட் சோக்கின் உறுமலுக்கும் இதுவே காரணம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை இரும்பு நீண்டு சுருங்குவதால், அங்கே 100 ஹெர்ட்ஸ் கேட்கும். காயில் கம்பிகளும் மின்னோட்டத்தின் விசையால் அதிரும். செராமிக் கெபாசிட்டர்களோ மின்னழுத்தம் மாறும்போதெல்லாம் கொஞ்சம் விரிந்து சுருங்கி, தாம் ஒட்டியிருக்கும் போர்டையே அதிரவைக்கும்.

ஆனால் மனிதக் காது எட்டுவது 20,000 ஹெர்ட்ஸ் வரைதானே? 65,000 எப்படிக் கேட்கும்? கேட்காது. நிறைய வேலை இருக்கும்போது சார்ஜர் நம் காதைப் பொறுத்தவரை ஊமைதான். வேலை குறையும்போதுதான் பேசுகிறது. லேப்டாப் 100 சதவீதம் ஏறிவிட்டாலோ, பின்னைக் கழற்றிவிட்டுச் சார்ஜரைச் சும்மா செருகி வைத்திருந்தாலோ, தொடர்ந்து வெட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. இறக்கத்தில் சைக்கிள் விடுபவர் நாலு மிதி மிதித்துவிட்டுச் சும்மா உருள்வதைப்போல, சார்ஜரும் சில துடிப்புகளை அனுப்பிவிட்டு ஓய்கிறது. மறுபடி அனுப்புகிறது, மறுபடி ஓய்கிறது. இந்த விட்டு விட்டு வரும் தாளம் நொடிக்குச் சில நூறிலிருந்து சில ஆயிரம் முறை நடக்கும்போது, அது நம் காது எட்டும் எல்லைக்குள் வந்துவிடுகிறது. அந்தக் 'கீ' இதுதான்.

இப்படிச் செய்யவேண்டிய கட்டாயமும் சார்ஜருக்கு உண்டு. சும்மா இருக்கும் சார்ஜர் மின்சாரத்தை வீணாக்கக் கூடாது என்று பல நாடுகள் விதி வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 2016 முதல், 65 வாட் சார்ஜர் வேலையின்றி இருக்கும்போது 0.21 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. மின்சாரத்தைச் சேமிக்கும் அந்த உத்தியின் பக்கவிளைவுதான் பல வீடுகளில் கேட்கும் கீச்சொலி.

ஆகவே முதல் சோதனை எளிது. பேட்டரி பாதி இருக்கும்போது சார்ஜரை மாட்டுங்கள். கீச்சொலி அடங்கிவிட்டு, 100 சதவீதம் ஆனதும் திரும்ப வந்தால், அது காயில் சத்தம். வாங்கிய நாள் முதல் இருந்து, கூடாமல் குறையாமல், வாடையோ அதிகச் சூடோ இல்லாமல் வந்தால் விட்டுவிடலாம்.

பிள்ளைக்குக் கேட்கிறது, அப்பாவுக்குக் கேட்கவில்லை

பிள்ளை "கத்துதுப்பா" என்பான். அப்பா சார்ஜரைக் காதருகே வைத்துப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லையே" என்பார். இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். வயது ஏற ஏற உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் திறன்தான் முதலில் குறைகிறது. படக்குழாய் டிவி காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கலாம். நம் நாட்டு டிவிகள் 625 கோடுகளை நொடிக்கு 25 முறை வரைந்தன. பெருக்கினால் 15,625. அந்த ஹெர்ட்ஸில் எழுந்த விசிலைக் கேட்டே, ஒலியை நிறுத்தி வைத்திருந்தாலும் பக்கத்து அறையில் டிவி ஓடுவதைச் சிறுவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பெரியவர்கள் பலருக்கு அது எட்டியதே இல்லை.

வீட்டில் இந்த வாக்குவாதம் வந்தால், ஒலியின் அலைவரிசையைக் கோடாகக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போனில் இறக்கிச் சார்ஜருக்கு அருகே வையுங்கள். காது தவறவிட்டதைத் திரை காட்டக்கூடும். பிள்ளை கேட்டதாகச் சொல்வதை நம்புங்கள்.

லேப்டாப்புக்குள்ளிருந்து வரும் கீச்சு

சார்ஜரைக் கழற்றிய பிறகும் கீபோர்டு பக்கம் மெல்லிய சத்தம் இருந்தால், அது பிராசஸருக்கு மின்சாரம் தரும் காயில்களிலிருந்து வரலாம். பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும்போது 'கிர்ர்' என்று கூடவே வருவது இதன் அடையாளம். பிராசஸர் ஒவ்வொரு இடைவெளியிலும் உறங்கி உறங்கி எழுகிறது. அது எழும்போதெல்லாம் மின்னோட்டம் குதிக்கிறது, காயிலும் சேர்ந்து அதிர்கிறது.

2006-ல் வந்த முதல் இன்டெல் மேக்புக் ப்ரோ கணினிகள் இதனாலேயே பேசப்பட்டன. அவற்றில் கேமராவைத் திறந்து வைத்தால் சத்தம் நின்றுவிடும் என்பதைப் பயனர்களே கண்டுபிடித்தார்கள். கேமரா ஓடும்போது பிராசஸர் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகாது என்பதுதான் சூட்சுமம். உங்கள் லேப்டாப்பிலும் கேமராவைத் திறந்து பாருங்கள். சத்தம் மாறினாலோ நின்றாலோ காயில் என்பது பெரும்பாலும் உறுதி. இதற்காக மதர்போர்டு மாற்ற வேண்டியதில்லை. மாற்றினால் புதியதும் அதே சுருதியில் கத்தக்கூடும். பொறுக்க முடியாத அளவு என்றால், வாரன்டி இருக்கும்போதே கேளுங்கள்.

இன்வெர்ட்டரில் மட்டும் உறுமினால்

கரன்ட் இருக்கும்போது அமைதியாக இருந்த சார்ஜர், இன்வெர்ட்டரில் ஓடத் தொடங்கியதும் 'ங்ங்' என்று உறுமினால், பழுது சார்ஜரில் இல்லை. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்கள் தரும் மின்சாரம், வளைந்து ஏறி இறங்காமல் ஒரே குதியாக மேலும் கீழும் தாவுகிறது. ஒவ்வொரு தாவலிலும் சார்ஜரின் வாசலில் இருக்கும் வடிகட்டிக் காயிலுக்குள் மின்னோட்டம் முட்டிக்கொண்டு பாய்கிறது. ஃபேனும் அதே நேரத்தில் உறுமுவதைக் கவனிக்கலாம். சார்ஜரை மாற்றிப் பயனில்லை. அடுத்த முறை இன்வெர்ட்டர் வாங்கும்போது சைன் வேவ் கேட்டு வாங்குங்கள்.

வெளி ஸ்பீக்கரில் மட்டும் இரைச்சல் வந்து, சார்ஜரைப் பிடுங்கியதும் அது நின்றால், எர்த் விவகாரம். லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள், பலமுறை தீர்ந்துவிடும். மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் கன்வெர்ட்டரில் மாட்டியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். லேப்டாப்பின் உலோக உடலைத் தொடும்போது விரலில் சுருசுருவென்று இருப்பதும் அதனால்தான். சில எலக்ட்ரீஷியன்கள் எர்த் இல்லாத பாயின்ட்டில் நியூட்ரலையே எர்த் துளைக்குள் இணைத்துவிட்டுப் போவார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால், அந்த 230 வோல்ட்டும் நீங்கள் தொடும் உலோகத்துக்கு வந்து நிற்கும். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

டிக்... டிக்... டிக்...

சென்னை ரிச்சி தெருவில் ஒரு சர்வீஸ் கடையில் கல்லூரி மாணவன் ஒருவன் லேப்டாப்போடு வந்து நின்றான்.

"அண்ணா, சார்ஜ் ஏறல. சார்ஜர்ல டிக் டிக்குன்னு சத்தம். புதுசு ஒண்ணு குடுத்துருங்க."

"இருப்பா. லேப்டாப்ல மாட்டாம சும்மா பிளக்ல போட்டாலும் டிக் வருதா?"

"அத பாக்கலண்ணா."

மெக்கானிக் சார்ஜரை சீரிஸ் போர்டில் செருகினார். சார்ஜருக்கும் கரன்டுக்கும் நடுவே ஒரு குண்டு பல்பு வரும்படி செய்த பலகை அது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும். இங்கே ஒரு கணம் மின்னி அணைந்துவிட்டது. சார்ஜரின் பச்சை விளக்கு நிலையாக நின்றது. மீட்டரில் 19.5. சத்தமே இல்லை. பின்னை லேப்டாப்பில் நுழைத்தார். பச்சை விளக்கு அணைந்தது. டிக். எரிந்தது. அணைந்தது. டிக். பின்னை உருவியதும் மறுபடி அமைதி.

"சார்ஜர் நல்லாத்தான் இருக்குப்பா. ஷார்ட் உள்ள இருக்கு."

அடிமூடியைத் திறந்தார். பவர் ஜாக்கின் பிளாஸ்டிக் உருகி, நடுவிலிருந்த முனை பக்கத்து உலோகத்தின்மேல் சாய்ந்திருந்தது. மாற்ற வேண்டியது அந்தச் சின்ன ஜாக் மட்டுமே.

வெளியே ஷார்ட் இருப்பதைச் சார்ஜர் உணர்ந்தால் தன்னை நிறுத்திக்கொள்ளும். சிறிது பொறுத்து மறுபடி முயலும். ஒவ்வொரு முயற்சியிலும் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு உதை விழும், அதுதான் டிக். தனியாக இருக்கும்போதும் டிக் வந்தால் சார்ஜரோ அதன் ஒயரோ கெட்டிருக்கிறது. லேப்டாப்பில் மாட்டினால் மட்டும் வந்தால் கோளாறு லேப்டாப்பில். எதுவானாலும் திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் ஷார்ட்டான இடத்துக்கு நீங்கள் மின்சாரம் கொடுக்கிறீர்கள்.

உடனே நிறுத்த வேண்டிய சத்தம்

சார்ஜரைச் செருகும் கணத்தில் ஒரே ஒரு 'சட்', கூடவே சிறு பொறி என்றால், அது காலியாக இருந்த கெபாசிட்டர் நிரம்புவதால் வருவது. சுவிட்சை அணைத்துவிட்டுச் செருகி, பிறகு போட்டால் பிளக்கில் பொறி வராது. செருகிய பிறகும் பொரிகிற சத்தம் தொடர்ந்தால் கதை வேறு. பிளக் பின்னை இறுக்கிப் பிடிக்க வேண்டிய பித்தளைத் தகடு தளர்ந்துபோய், இடைவெளியில் மின்சாரம் தாவிக்கொண்டிருக்கிறது. அந்தத் தாவலின் வெப்பம் பல ஆயிரம் டிகிரி. சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைக் கருக்கும், கருகிய இடமே மின்சாரத்துக்குப் புதுப் பாதையாகும். துளையைச் சுற்றிப் பழுப்புக் கறை, பின்னில் கரும்புள்ளி, கையில் சூடு ஆகியவை தெரிகிறதா பாருங்கள். ஒன்று இருந்தாலும் அந்தப் பாயின்ட்டை இன்றே பயன்படுத்துவதை விட்டு, எலக்ட்ரீஷியனை அழைத்து மாற்றிவிடுங்கள். சத்தம் பாயின்ட்டில் இல்லாமல் சார்ஜருக்குள்ளிருந்து வந்தாலும், கருகிய வாடை சேர்ந்து வந்தாலும், சார்ஜரின் ஆயுள் முடிந்தது.

லேப்டாப்புக்குள் சுழல்வனவற்றில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஃபேன் கரகரத்தால் தூசியோ தேய்ந்த பேரிங்கோ காரணமாக இருக்கும். சுத்தம் செய்வதும், தேவைப்பட்டால் மாற்றுவதும் பெரிய செலவில்லை. பழைய லேப்டாப்பில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்து, அது 'டக்... டக்...' என்று தட்டத் தொடங்கினால் வேறெதையும் செய்யாமல் கோப்புகளை நகலெடுங்கள். படிக்கும் முனை தன் இடத்தைத் தேடித் திணறும் சத்தம் அது. அடுத்த முறை ஆன் ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

சோதிக்கும் வரிசை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பிறகு சார்ஜரை மட்டும் தனியே செருகுங்கள். அடுத்து வேறு அறையில் வேறு பாயின்ட். அதன்பின் பாதி பேட்டரியிலும் முழு பேட்டரியிலும். கடைசியாக ஒலியை மியூட் செய்தும் கேமராவைத் திறந்தும். ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்தால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெளிவாகும்.

சார்ஜரைத் திறக்க மட்டும் முயலாதீர்கள். கரன்டைப் பிடுங்கிய பிறகும் அந்த 325 வோல்ட் கெபாசிட்டரில் தங்கியிருக்கக்கூடும். பசை ஊற்றிச் சத்தத்தை அடக்குவதாகச் சொல்லும் வீடியோக்களை நம்பி இதில் கை வைக்க வேண்டாம்.

புதுச் சார்ஜர் வாங்கும்போது வோல்ட் பழையதற்கு இணையாக இருக்கட்டும். ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. கணினிச் சார்ஜர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவு உண்டு. லேபிளில் அந்த அமைப்பின் முத்திரையும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம்.

கடைக்குப் போகும் முன் சோதனையில் கண்டதை இரண்டு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். "சத்தம் வருது" என்று மட்டும் சொன்னால், கடைக்காரர் ஊகத்தில் எதையாவது மாற்றுவார், அந்த ஊகத்துக்கும் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும். "தனியா இருக்கும்போது டிக் இல்ல, மாட்டினா வருது" என்று சொன்னால், எங்கே தேடவேண்டும் என்பதை நீங்களே அவருக்குச் சொல்லிவிட்டீர்கள்.

அடுத்த இதழில்: சத்தமே போடாமல் வீங்கும் பேட்டரி.