சர்க்கரை நோயாளிக்கும் ஒரு பழ மஃபின்

"சர்க்கரை போடவில்லையே, சாப்பிடலாம்" என்று பெரியவர்களுக்கு மைதா மஃபின் கொடுக்கிறோம். ஆனால் 100 கிராம் மைதாவில் சுமார் 75 கிராம் மாவுச்சத்து உண்டு. அதுவும் உடலில் சர்க்கரையாகவே மாறுகிறது. பாதாமில் ஏறக்குறைய 20 கிராம்தான். அதிலும் பாதிக்கு மேல் நார்ச்சத்து.

பழத்திலும் கவனம் தேவை. வாழைப்பழம், பேரீச்சை வேண்டாம். குளிர்காலத்தில் மும்பைக்கு வரும் மகாபலேஷ்வர் ஸ்டிராபெரி நல்லது.

பாதாம் பொடி 150 கிராம், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், கொஞ்சம் ஏலப்பொடி கலந்து, அடித்த முட்டை 3, உருக்கிய வெண்ணெய் 50 கிராம், நறுக்கிய பழம் 100 கிராம் சேர்க்கவும். மைதாவின் பசைத்தன்மை பாதாமுக்கு இல்லை. முட்டைதான் உதிராமல் பிடிக்கும். 6 கிண்ணங்களில் ஊற்றி, 175 டிகிரி செல்சியஸ் சூட்டில் 20–25 நிமிடம் வேக விடவும்.

பாதாமில் கொழுப்பு அதிகம். ஆளுக்கு ஒன்று போதும்.